ஒற்றை ஊதி

வடசேரி தோற்றதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லட்டும், அது உண்மைதான். தெரிந்துதான் தோற்கவைத்தேன். அந்த நாள் திரும்ப வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் கதையை அரைகுறையாகச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். "பொம்பிள மோட்டருக்குள்ள கைவெச்சா" என்று தொடங்கி, அந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். எதற்காகக் கை வைத்தேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

வடசேரி, தென்சேரி என்றால் மட்டக்களப்பு ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மன் கோயிலில் கொம்புமுறி நடக்கும்போது ஊர் இரண்டு பக்கமாகப் பிரியும். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, ஆளுக்கொரு பக்கமாக இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. தோற்றவர்களை வென்றவர்கள் பாட்டுப் பாடியே தோலுரிப்பார்கள். சேரி பிறப்போடு வருவது, நாங்கள் வடசேரி. இழுப்பதற்கு முதல் இரண்டு கொம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். அந்தச் சரிக்குச் சரிதான் என் வளவுக்குள் வில்லங்கமாக வந்தது.

என் வளவு என்று சொல்வது பேச்சுக்கு அல்ல. எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, வாவிக்கரையில், அப்பா நெல்லுக்குத்தும் மில் ஒன்று வைத்திருந்தார். அதையும் வளவையும் எனக்குச் சீதனமாக எழுதினார். எனக்கு வாய்த்தவர் மோட்டர் திருத்துகிறவர். மில்லுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு, அங்கே வேலை செய்தார். நான் மில் எஞ்சினோடு வளர்ந்தவள். கறி அடிப்பிடிப்பதைக் கவனிக்கமாட்டேன், பெல்ட் வழுக்கினால் அந்த மணத்தில் எழுந்து ஓடுவேன். அவர் கொட்டிலில் ஒரு காரைத் திறந்தால் நானும் போய்க் குனிந்து பார்ப்பேன். முதலில் சிரித்தார். பிறகு ஸ்பனரை எடுத்துத் தரச் சொன்னார். கலியாணமாகி மூன்றாம் வருடம் ஸ்பனரை நான் பிடித்தேன், எடுத்துக் கொடுப்பது அவராக இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இரண்டு மூன்று வருடம் இருந்தது. ஊரில் இரண்டு பெரிய மனிதர்களுக்கு ஒரே நேரத்தில் வேகப் பைத்தியம் பிடித்தது. ஒருவர் ரோட்டுப் போடுகிற கொந்தராத்துக்காரர், தென்சேரி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையிடம் பந்தயக் கார் ஒன்றை வாங்கினார். மற்றவர் எங்கள் வடசேரியின் பெரிய நிலக்காரர், போடியார். அவருடைய வயல் வட்டையை ஒருமுறை சுற்றி நடந்து வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும், அவ்வளவு நிலம். தென்சேரியான் கார் வாங்கியதைக் கேள்விப்பட்டுக் கொழும்புக்குப் போனார். அங்கே இன்னொரு பந்தயக் காரை வாங்கி, சாமான் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து, என் வளவில் விட்டார். சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, கல்குடாக் கடற்கரையில், ஈர மணலில் ஒரு மைல் ஓடுவது என்று பேச்சாயிற்று. போடியாரின் காரை ஓட்டுவதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார்.

இரண்டு கார்களிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது. சாதாரண எஞ்சின் தன் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு சேர்ந்து சுற்றி, காற்றையும் பெற்றோலையும் அமுக்கி உள்ளே திணிக்கும். திணிக்கத் திணிக்க வேகம். அந்த நீளப் பெயரோடு மாரடிக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. ஊதி என்று வைத்துக்கொண்டோம். போடியாரின் காரில் நாலு சிலிண்டர், ஓர் ஊதி. கொந்தராத்துக்காரரின் காரில் எட்டு சிலிண்டர், இரண்டு ஊதி.

இரட்டை ஊதியைப் பழித்து நான் ஒருநாளும் பேசியதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அப்படிப் பேசியதாகவும் ஒரு கதை உண்டு. எட்டு சிலிண்டர் எஞ்சின் நீளமானது. ஒரே ஊதியை ஒரு முனையில் வைத்தால் கிட்டவுள்ள சிலிண்டர்கள் வயிறு புடைக்கத் தின்னும், தூரத்திலுள்ளவை பட்டினி கிடக்கும். சின்ன ஊதி இரண்டை வைத்து, ஆளுக்கு நாலு சிலிண்டர் என்று பங்கு போட்டால் எல்லாவற்றுக்கும் அளவாகப் போகும். ஊதிகளும் மெதுவாகச் சுற்றினால் போதும், சூடும் குறையும். அந்தக் காரைச் செய்தவன் அப்படி யோசித்துத்தான் செய்திருந்தான். ஆனால் இரண்டு ஊதியைச் சுழற்றுகிற பலத்தையும் அதே எஞ்சின்தான் கொடுக்க வேண்டும். பெல்ட் இரண்டு, கார்பரேட்டர் இரண்டு. ஒன்று கொஞ்சம் பிசகினால் மற்றதும் கெடும். நாலு சிலிண்டருக்கு அந்தத் தொல்லை தேவையே இல்லை. எங்களுடையது ஒற்றை ஊதியோடு கைக்கு அடக்கமாக ஓடியது. மிதித்தவுடன் உறுமிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் போடியார் கடைத்தெருவில் கொந்தராத்துக்காரரின் காரைப் பார்த்தார். பொனட்டைத் திறந்து வைத்து ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். நேரே என் வளவுக்கு வந்தார். வந்தவர் உட்காரவும் இல்லை.

"அவனுக்கு ரெண்டு, எனக்கு ஒண்டா? இது என்ன ஞாயம்? கொம்பு சரிக்குச் சரி இரிக்க வேணும்."

என் வீட்டுக்காரர் எஞ்சின் வேறு, கொம்பு வேறு என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். போடியார் காதில் விழவில்லை. நான் மில் வாசலில் நின்று சொன்னேன்.

"ஒண்டால ரெண்ட வெண்டா பெருமை கூடத்தானே போடியார்."

"தோத்தா? ஒண்ட வெச்சுக்கொண்டு ரெண்டுக்கு முன்னால நிண்டான் எண்டு பாட்டுக் கட்டமாட்டானுகளா? நீ உள்ள போ புள்ள. ஆம்பிளயள் பேசுறம்."

நான் உள்ளே போகவில்லை. என் வளவில் என்னை உள்ளே போகச் சொல்ல அவர் யார்? ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் நின்றுவிட்டேன். அதற்காக இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

அடுத்த கிழமை இரண்டாவது ஊதி வந்தது. கொழும்பில் எங்கோ உடைந்து கிடந்த ஒரு காரிலிருந்து கழற்றியது. வேறு கம்பெனி செய்தது, வேறு அளவு. எங்களுடையதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. நாலே நாலு சிலிண்டருக்குள் இந்த இரண்டும் சேர்ந்து திணிக்க வேண்டுமாம். எருமையையும் கன்றுக்குட்டியையும் ஒரே நுகத்தில் பூட்டுகிற வேலை அது. என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். தெரிந்தும் பூட்டினார். குழாய் வளைத்து, பெல்ட் போட்டு, மூன்று நாள் உழைத்தார்.

"பூட்டமாட்டன் எண்டு சொல்லுங்க" என்றேன்.

"போடியார்ட நெல்லு வராட்டி மில்லு ஓடாது. நான் பூட்டாட்டியும் வேறெங்கயும் குடுத்துப் பூட்டுவார். ஓட்டுறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். எவனோ பூட்டினத ஓட்டுறதவிட நான் பூட்டினத ஓட்டுறது நல்லம்."

அதில் நியாயம் இருந்தது.

பூட்டி முடித்த பிறகு ஏறாவூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். போகும்போது பறந்து போனார். திரும்பி வரும்போது எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லை அள்ளிக் கொட்டுவதுபோல் சத்தம் வந்தது. மில் எஞ்சினில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் அப்பா ஓடிப்போய் நிறுத்துவார். பெற்றோல் தன் நேரத்துக்கு எரியாமல் சூட்டில் முந்தி வெடிக்கிற சத்தம் அது. எஞ்சின் ஆறிய பிறகு நான் பிளக்குகளைக் கழற்றினேன். பின்பக்கத்து இரண்டு பிளக்கின் நுனியும் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. ஒன்றில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. விரலால் வழித்து வெளிச்சத்தில் பார்த்தேன். அலுமினியம். பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது.

விரலை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். அவர் விரலைப் பிடித்து, பொடியைத் தொட்டுப் பார்த்தார். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பிஸ்டன் ஓட்டையாகி எஞ்சின் இறுகினால் பின்சக்கரம் அப்படியே நிற்கும். மணலில் கார் புரளும். கூரையில்லாத கார் அது. எங்கள் இருவருக்கும் அதை ஒருவருக்கொருவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் அந்தப் பிளக்கைக் கொண்டுபோய் நானே போடியாரிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுப் பிளக் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போடியார் என் வீட்டுக்காரரை மண்டூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தாராம்; ஓட்டுகிறவரும் வந்து கும்பிட வேண்டுமாம். விடிய வள்ளத்தில் வாவியைப் பிடித்துப் போனால் திரும்ப இருட்டாகிவிடும். வள்ளம் கண்ணுக்கு மறையும்வரை கரையில் நின்றேன். பிறகு மில்லைப் பூட்டினேன். கொட்டில் கதவை உள்பக்கம் கொக்கி போட்டேன்.

ஊதியைக் கழற்றி எறியத்தான் கை துடித்தது. கழற்றினால் போடியார் கண்டுபிடிப்பார், திரும்பப் பூட்டச் சொல்வார். அதனால் பெரிய ஊதியை இருந்த இடத்திலேயே விட்டேன். அதன் பெல்ட்டை மட்டும் எடுத்தேன். பெல்ட்டுக்கு முன்னால் ஒரு தகட்டு மறைப்பு இருந்தது, அதைத் திரும்பப் பூட்டினால் உள்ளே இருப்பதும் இல்லாததும் வெளியில் தெரியாது. அதோடு வேலை முடியவில்லை. சின்ன ஊதி தள்ளுகிற காற்று பெரிய ஊதியின் வழியாகத் திரும்பி வெளியேறிவிடும். ஆகவே இரண்டும் சேர்கிற குழாயைக் கழற்றி, மில்லில் கிடந்த இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, ஓட்டை போட்டு, நடுவில் வைத்து இறுக்கினேன். தகட்டை வெட்டத்தான் நேரம் போனது. பெரிய ஊதிக்குப் போகிற பெற்றோல் குழாயை அடைத்தேன். மத்தியானச் சோறு தின்னவில்லை. பின்னேரம் கைபிடியைப் போட்டு எஞ்சினை முறுக்கி, ஓடவிட்டுக் கேட்டேன். கூழாங்கல் சத்தம் இல்லை. பழைய உறுமல்தான். கொட்டில் தரையில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்ற அவனிடமே ஒளிக்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம்.

அவர் வந்தார். விபூதியை என் நெற்றியில் பூசினார். நான் சோறு போடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்குடாவில் திருவிழாக் கூட்டம். தென்னந்தோப்புப் பக்கம் தென்சேரி, மீன்வாடிகளின் பக்கம் வடசேரி என்று, ஒருவரும் சொல்லாமலே, கொம்புமுறிக்கு நிற்பதுபோல் நின்றார்கள். பெண்கள் தாழம்பற்றைக்குப் பக்கத்தில். போடியார் பொனட்டைத் திறந்து வைத்து, இரண்டு ஊதியையும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கச் செய்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். வடசேரி முழுக்க வந்து எண்ணிப் பார்த்தது. ஒன்று, இரண்டு. எல்லோருக்கும் நிம்மதி.

என் வீட்டுக்காரர் எஞ்சினை முறுக்கினார். அது பிடித்து உறுமியது. அவருடைய கை பொனட்மேல் அப்படியே நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, அவ்வளவு கூட்டத்திலும் பெண்கள் பக்கம் என்னைத் தேடிப் பார்த்தார். அவர் பார்வையை எடுத்து, கையைத் துணியில் துடைத்து, ஏறி உட்கார்ந்தார்.

வெள்ளைத் துணி விழுந்தது. முதல் பாதியில் எங்கள் கார்தான் முன்னால். பாரம் குறைந்த கார், எடுப்பில் பாய்ந்தது. பாதிக்குப் பிறகு எட்டுச் சிலிண்டர் தன் வேலையைக் காட்டியது. இரண்டு ஊதியும் ஒரே குரலில் கூவிக்கொண்டு அந்தக் கார் வந்த அழகை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அழகை அழகென்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் இரண்டு வண்டி நீளத்தில் நாங்கள் தோற்றோம்.

தென்சேரி பாட்டைத் தொடங்கிவிட்டது. காரை ஓட்டி வந்து நிறுத்துவதற்குள் போடியார் பாய்ந்தார்.

"அவனுக்கும் ரெண்டு, உனக்கும் ரெண்டு. பிறகென்னண்டு தோத்தாய்? பயந்து மிதிக்காம விட்டாயா? இல்ல, அவனுக்கிட்டப் பேசி வெச்சியா?"

என் வீட்டுக்காரர் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தோற்ற காரணம் அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொன்னால் என் பெயர் வரும் என்று அந்த மனிதர் வடசேரி முழுக்கப் பார்க்கத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். கோழை என்ற சொல் எங்கள் பக்கத்திலிருந்தே வந்தது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

இரண்டு சேரிக்கும் நடுவில் ஈர மணலில் நடந்தேன். பெண்கள் அப்படி நடக்கிற வழக்கமில்லை. பாட்டு நின்றது. போடியாருக்கு முன்னால் போய், ஓலைப்பையிலிருந்து பெல்ட்டை எடுத்து நீட்டினேன்.

"அவர ஏசாதங்க. ஒரு ஊதிதான் ஓடினது. மற்றத நான்தான் நிற்பாட்டினன். இது அதுக்குரிய பெல்ட்."

போடியாருக்கு முதலில் விளங்கவில்லை. மறைப்புத் தகட்டை நானே கழற்றிக் காட்டினேன். அவர் முகம் கறுத்தது.

"அப்ப நீதான் தோற்க வெச்சாய்."

"ஓம். நான்தான். ரெண்டு வண்டி நீளம் தோத்தம். ஒண்டால ஓடி, ரெண்டு பூட்டின எட்டு சிலிண்டருக்கு ரெண்டே ரெண்டு வண்டி நீளம். அதுக்கு இவர ஆரும் கோழையெண்டு சொன்னா எனக்குச் சொல்லுங்க."

"பெல்ட்டு இருந்திருந்தா வெண்டிருப்பம்."

"இருந்திருந்தா இவர மணலுக்குள்ள பொறுக்கியிருப்பம்."

பையிலிருந்த பிளக்கையும் எடுத்தேன். போடியாரிடம் முன்பே காட்டியது. நான் வழித்தது போக மிச்ச மினுங்கல் பொடி நுனியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொந்தராத்துக்காரர் எங்களுக்குக் கிட்ட வந்து, கேளாமலே அதை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். திருப்பித் தந்துவிட்டுத் தன் ஆட்களைப் பாட வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"போடியார்" என்றேன். "இதப் பூட்ட ஒரு மணித்தியாலம் போதும். நான் வெச்ச தகட்டையும் நானே கழட்டித் தாறன். திரும்ப ஓடுவம். அவங்க மாட்டம் எண்டு சொல்லமாட்டாங்க. ஆனா எண்ட ஆள் ஏறமாட்டார். நீங்க ஏறுங்க."

பெல்ட்டை இன்னும் கிட்ட நீட்டினேன். வாங்கிக்கொள்ள ஒரு கை தூரம்கூட இல்லை. போடியார் பெல்ட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பின்னால் நின்ற வடசேரி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். கோழை என்று சொன்ன வாய்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. என் கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கை வேட்டியை விட்டு எழவே இல்லை.

திரும்பி வரும்போது ஏறாவூர் ரோட்டில் வைத்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், முறுக்கியவுடனேயே தெரிந்ததா என்று.

"தெரிஞ்ச."

"பிறகேன் சொல்லல்ல?"

"சொன்னா பூட்டச் சொல்லுவார். பூட்டினா நான் ஏற வேணும்" என்றார். பிறகு, "ஏற எனக்கு விருப்பமில்ல புள்ள" என்றார். கலியாணமாகி அன்றைக்குத்தான் அவர் பயத்தை என்னிடம் சொன்னார்.

போடியாரின் நெல் அதற்குப் பிறகு எங்கள் மில்லுக்கு வரவில்லை. வடசேரியில் பாதிப்பேர் வரவில்லை. இரண்டு போகம் கஷ்டப்பட்டோம், மறைப்பானேன். போடியார் காரை வேறு கொட்டிலுக்குக் கொண்டுபோனார். இரண்டு ஊதியோடும் அது அங்கேயே நின்றது. பெரிய ஊதிக்குப் புதுப் பெல்ட் வாங்கியதாகவும் நான் கேள்விப்படவில்லை. கொந்தராத்துக்காரர் தன் காரை என் வளவுக்குக் கொண்டுவந்து, ஓர் ஊதியைக் கழற்றிவிடலாமா என்று என்னிடம்தான் கேட்டார். "வேணாம், அது பிறக்கக்குள்ளயே ரெண்டு. கைவெக்காதங்க" என்றேன்.

அந்தப் பெல்ட்டை நான் எறியவில்லை. எங்கள் வளவு வாசல் படலையின் கொக்கி அப்போது உடைந்திருந்தது. அதனால் படலையைப் பெல்ட்டால் கட்டினேன். போடியார் வயல் வட்டைக்குப் போகிற வழி அந்தப் படலைக்கு முன்னால்தான். புதுக் கொக்கி போட என் வீட்டுக்காரர் எத்தனையோ முறை வந்தார். போடியார் கண்ணை மூடும்வரை நான் போடவிடவில்லை.